கொசுவுக்கு என்ன வயசு? வெளிச்சத்தை வச்சு மலேரியா கொசுவோட வயசைக் கணிக்கிறது பத்தி அடிக்கடி கேக்குற கேள்விகள்

மலேரியான்னாலே எத்தனை கொசு இருக்கு, எத்தனை பேருக்கு காய்ச்சல்னு தான் பேசுறோம், அந்த கொசுவுக்கு என்ன வயசுன்னு யாரும் கேக்குறது இல்ல. நான் இதைப் பத்தி வாயைத் திறந்தா வீட்லயும் சரி வெளியிலயும் சரி திரும்பத் திரும்ப அதே கேள்விங்க தான் வருது, அதனால எல்லாத்துக்கும் ஒரே இடத்துல பதில் எழுதி வச்சிடலாம்னு உக்காந்துட்டேன். பெரும்பாலும் தான்சானியாவுலயும் புர்கினா ஃபாஸோவுலயும் நடந்த வேலையை வச்சு தான் சொல்லப் போறேன், ஏன்னா இந்த விஷயம் வளர்ந்ததே அங்க தான், தேவையும் அங்க தான் அதிகம். 2023ல மட்டும் உலகம் முழுக்க சுமார் 5,97,000 பேர் மலேரியாவுல செத்திருக்காங்க, அதுல 100க்கு 95 பேர் ஆப்பிரிக்காவுல, அதுலயும் முக்கால்வாசி அஞ்சு வயசு கூட ஆகாத குழந்தைங்க.

கொசு கடிச்சா கடி தானே, அதுக்கு வயசு எதுக்கு தெரியணும்?

இந்த ஒரு கேள்விக்கு பதில் புரிஞ்சுட்டா மீதி எல்லாம் தானா புரிஞ்சிடும், அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

தண்ணியில இருந்து வெளிய வர்ற எந்த கொசுவும் மலேரியாவோட பொறக்குறது இல்ல. ஆண் கொசு ரத்தமே குடிக்காது. பொண்ணு கொசு வெளிய வந்து, இணை சேர்ந்து, முட்டைக்காக ரத்தம் தேடிப் போகுது. போன இடத்துல அந்த ஆளோட ரத்தத்துல மலேரியா கிருமி பரவக்கூடிய நிலையில இருந்தா தான் அது கொசு வயித்துக்குள்ள போகும். போன உடனே அடுத்த ஆளுக்கு ஒட்டிக்குமான்னா அதுவும் இல்ல. வயித்துச் சுவர்ல போய் உக்காந்து, சின்ன சின்ன முடிச்சு மாதிரி வளர்ந்து, அது வெடிச்சு, ஆயிரக்கணக்குல ஊசி மாதிரி கிருமிங்க வெளிய வந்து, எச்சில் சுரப்பிக்கு போய் சேரணும். மலேரியா கிருமியிலயே ரொம்ப ஆபத்தான ஃபால்சிபாரம் வகைக்கு 25 டிகிரி வெயில்ல இதுக்கு கிட்டத்தட்ட 12 நாள் ஆகும். சூடு கூடினா கொஞ்சம் சீக்கிரம், குளிர்னா இழுத்துக்கிட்டே போகும்.

அப்போ கணக்கு போட்டுப் பாருங்க. மொத ரத்தம் குடிக்க ரெண்டு மூணு நாள், அதுக்கப்புறம் இந்த 12 நாள். ரெண்டு வாரம் தாக்குப் பிடிச்ச கொசு மட்டும் தான் நமக்கு மலேரியா தர முடியும். ஆனா சிலந்தி, பல்லி, காத்து, மழை, மனுஷன் கை, கொசுவலை மருந்துன்னு அதுக்கு ஆயிரம் எமன். பெரும்பாலான கொசு அந்த வயசை பாக்காமலே செத்துடுது. ஒரு ஊர்ல லட்சம் கொசு இருந்தாலும் ஆளைக் கொல்றது அதுல இருக்குற கிழட்டுக் கொசுங்க தான்.

ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்துல 1897 ஆகஸ்ட் 20ஆம் தேதி கொசு வயித்துல மலேரியா கிருமியைக் கண்டுபிடிச்சார்ல, அதுலயும் இந்த நாள் கணக்கு தான் ஒளிஞ்சிருக்கு. நோயாளியைக் கடிக்க விட்ட கொசுவை உடனே அறுக்காம நாலு நாள் உயிரோட வச்சிருந்து அறுத்ததுல தான் அந்த முடிச்சு கண்ணுல பட்டுச்சு, மறுநாள் இன்னொரு கொசுவை அறுத்தா அதே முடிச்சு இன்னும் பெருசா இருந்துச்சு. கிருமி கொசுவுக்குள்ள நாளுக்கு நாள் வளருதுன்னு அன்னைக்கே தெரிஞ்சு போச்சு.

ஒரு நாள் ரெண்டு நாள் கூட வாழ்ந்தா அவ்வளவு வித்தியாசமா ஆகிடும்?

ஆகும், நம்ப முடியாத அளவுக்கு ஆகும். கிருமியைக் குடிச்ச 100 கொசுவை எடுத்துக்கோங்க. தினமும் 100க்கு 90 பொழைச்சுக்குதுன்னா 12 நாள் கழிச்சு 28 கொசு மிஞ்சும். தினமும் 80 தான் பொழைக்குதுன்னா 7 கொசு. 70 தான்னா ஒண்ணே ஒண்ணு. ஒரு நாளைக்கு பத்து கொசு கூடுதலா சாகுறது பாக்க சின்ன விஷயம், ஆனா கூட்டு வட்டி மாதிரி அது ஏறிக்கிட்டே போய் கடைசியில நாலுல ஒரு பங்கு கூட மிஞ்ச மாட்டேங்குது. கொசு எண்ணிக்கையை பாதியாக்குனா மலேரியா பரவுறதும் சுமார் பாதி ஆகும், ஆனா கொசுவோட ஆயுசைக் கொஞ்சம் குறைச்சாலே பல மடங்கு குறையும். ஜார்ஜ் மெக்டொனால்ட்ங்கற மலேரியா ஆராய்ச்சியாளர் 1950கள்லயே இதைக் கணக்கு போட்டுக் காட்டிட்டார். மருந்து தடவுன வலை, வீட்டுச் சுவர்ல மருந்து அடிக்கிறது எல்லாம் வேலை செய்யிறதுக்கு பின்னாடி இருக்குறது இந்தக் கணக்கு தான்.

கொசுவை எண்ணினா போதாதா? வலை குடுத்தப்புறம் எண்ணிக்கை குறைஞ்சிருக்கான்னு பாத்தா தெரிஞ்சிடுமே?

தெரியாது, பல நேரம் ஏமாத்தும். மழை வந்தா கொசு பெருகும், மழை நின்னா குறையும், அதுக்கும் வலைக்கும் சம்பந்தம் இல்ல. மழை சமயத்துல கொசு நிறைய இருந்தும் எல்லாமே ரெண்டு மூணு நாள் குஞ்சுன்னா பயம் கம்மி. மழை விட்டு கொசு கொஞ்சமா இருந்தும் எல்லாம் ரெண்டு வாரம் தாண்டினதுன்னா ஆபத்து.

2000ல இருந்து 2015 வரைக்கும் ஆப்பிரிக்காவுல மலேரியா பெரிய அளவுல குறைஞ்சதுக்கு சுமார் மூணுல ரெண்டு பங்கு காரணம் மருந்து தடவுன வலை. இப்போ கொசுங்க அந்த மருந்துக்குப் பழகிட்டே வருது. வலை தொங்குது, ஜனங்க உள்ள தூங்குறாங்க, ஆனா கொசு வலையில உக்காந்துட்டு சாகாம பறந்து போகுது. அந்த ஊர்ல பிடிச்ச கொசுங்க வயசானதா இருக்கா குஞ்சா இருக்கான்னு தெரிஞ்சா வலை இன்னும் கொல்லுதா இல்லையான்னு நேரடியா தெரிஞ்சிடும், பிள்ளைங்களுக்கு காய்ச்சல் ஏறி ஆஸ்பத்திரி நிரம்புற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். எனக்கு இதுல இவ்வளவு ஆர்வம் வந்ததுக்கு இது தான் காரணம்.

இதுக்கு முன்னாடி எப்படி வயசு பாத்தாங்க?

மாட்டுச் சந்தையில பல்லைப் பிடிச்சுப் பாத்து ரெண்டு பல்லு, நாலு பல்லு, கடை முளைச்சதுன்னு சொல்லுவாங்கல்ல, கொசுவுக்கும் அது மாதிரி ஒரு அடையாளம் தேடுனாங்க. ரெக்கை ஓரத்துல இருக்குற நுண்ணிய முடி எவ்வளவு தேஞ்சிருக்குன்னு 1912லயே பாத்திருக்காங்க. ஆனா ஒரே ஒரு பெருங்காத்துல மாட்டுன குஞ்சுக் கொசுவோட ரெக்கையும் கிழவி மாதிரி தேஞ்சு போகும்.

நெஜமாவே நின்ன முறை சோவியத் நாட்டுல இருந்து வந்துச்சு. தத்தியானா தேத்தினோவா சொன்ன முறையில கொசுவோட சினைப்பையை வெளிய எடுத்து, காய வச்சு, மைக்ராஸ்கோப்ல அதைச் சுத்தி இருக்குற மூச்சுக்குழல் நுனிங்களைப் பாக்கணும். முட்டையே போடாத கொசுவுக்கு அது நூல்கண்டு மாதிரி சுருண்டு இருக்கும். ஒரு தடவை முட்டை வளர்ந்து சினைப்பை உப்பிடுச்சுன்னா சுருள் பிரிஞ்சிடும், அப்புறம் என்ன பண்ணாலும் திரும்பிச் சுருளாது. பிரிஞ்சிருந்தா முட்டை போட்ட கொசு, சுருண்டிருந்தா போடாத கொசு. 1962ல உலக சுகாதார நிறுவனம் இதையெல்லாம் ஒரு கையேடா போட்டுச்சு, இன்னைக்கும் உலகம் முழுக்க இதைத் தான் செய்யிறாங்க. பொலோவோதோவா 1949ல சொன்ன இன்னொரு முறையில எத்தனை தடவை முட்டை போட்டுச்சுன்னே எண்ணலாம், ஆனா அதுக்கு கை ரொம்ப ரொம்பப் பழகணும்.

இதுல மூணு கஷ்டம். கொசு புதுசா இருக்கணும், அன்னைக்கே அறுத்தாகணும், ஒரு ஆள் நாள் முழுக்க உக்காந்தாலும் கொஞ்சம் தான் முடியும். முட்டை போட்டுச்சா இல்லையான்னு தெரியுமே தவிர நாலு நாளா பதினாலு நாளான்னு தெரியாது, நமக்கு வேண்டியதோ அது தான். ரெண்டு பேர் பாத்தா ரெண்டு பதில் வர்றதும் உண்டு. இந்த வேலையைப் பல வருஷமா பொறுமையா செஞ்சு வர்ற லேப் ஆளுங்க மேல எனக்கு பெரிய மரியாதை இருக்கு, ஆனா ஒரு நாட்டுக்கே செய்யணும்னா இது பத்தாது.

வெளிச்சம் எப்படி வயசைச் சொல்லும்?

வெயில்ல கருப்புத் துணி சூடாகுது, வெள்ளைத் துணி அவ்வளவா ஆகுறது இல்ல, ஏன்னா ஒவ்வொண்ணும் வெளிச்சத்தை ஒவ்வொரு மாதிரி உறிஞ்சுது. நம்ம கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியிலயும் அதே கதை தான், இன்னும் நுணுக்கமா. புரதம் ஒரு குறிப்பிட்ட இடத்துல உறிஞ்சும், மெழுகு வேற இடத்துல, கொசுவோட ஓடு செஞ்சிருக்குற கைட்டின் வேற இடத்துல, தண்ணி வேற இடத்துல. ஒளியை அனுப்பி எது எவ்வளவு திரும்பி வருதுன்னு கோடு போட்டா மேடும் பள்ளமுமா ஒரு வரைபடம் வரும், அது அந்த உடம்புல என்னென்ன சரக்கு எவ்வளவு இருக்குங்கறதோட கைரேகை.

இப்போ வயசு எங்க வருதுன்னா, கொசு வெளிய வந்த அன்னைக்கு ஓடு மெத்துன்னு இருக்கும், அப்புறம் இறுகும், கருக்கும், உள்பக்கம் கொஞ்ச நாளைக்கு அடுக்கு அடுக்கா வளரும். மேல பூசியிருக்குற மெழுகோட கலவை நாளாக ஆக மாறும். உடம்புப் புரதம் மாறும். கண்ணுக்கு ரெண்டு கொசுவும் ஒண்ணு தான், ஆனா மூணு நாள் கொசுவும் பதினஞ்சு நாள் கொசுவும் வேதியியல்ல வேற வேற, அந்த வித்தியாசத்தை ஒளி பிடிச்சிடுது.

அண்மை அகச்சிவப்பு, நடு அகச்சிவப்புன்னு ரெண்டு சொல்றாங்களே, என்ன வித்தியாசம்?

மொதல்ல வந்தது அண்மை அகச்சிவப்பு. கோதுமை மணியில புரதம் எவ்வளவுன்னு உடைக்காம பாக்க ஏற்கனவே இதைப் பயன்படுத்திட்டு இருந்தாங்க, அமெரிக்க விவசாயத் துறையில இருந்த ஃபிளாய்ட் டோவெல் மாதிரி ஆளுங்க அதைப் பூச்சிங்க பக்கம் திருப்புனாங்க. தான்சானியாவோட இஃபகாரா ஹெல்த் இன்ஸ்டிடியூட்ல இருந்த வலேரியானா மயகாயாவும் கூட்டாளிங்களும் 2009ல, ஒரு கொசு 7 நாளுக்கு கீழயா மேலயான்னு சுமார் 80 சதவீதம் சரியா சொல்ல முடியுதுன்னு காட்டுனாங்க. இதுல கொசுவை ஒரு தட்டுல வச்சு மேல ஒரு ஒளியிழைக் குழாயைப் பிடிச்சா போதும், சில நொடி வேலை.

நடு அகச்சிவப்பு அதுக்கு அப்புறம் வந்துச்சு, கிளாஸ்கோ பல்கலைக்கழகமும் இஃபகாராவும் புர்கினா ஃபாஸோவுல போபோ டியுலாஸோ ஊர்ல இருக்குற ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து பண்ணது. அண்மை அகச்சிவப்புல எல்லா சரக்கோட அடையாளமும் ஒண்ணு மேல ஒண்ணு கலந்து மங்கலா வரும், கல்யாண மண்டபத்துல எல்லாரும் ஒரே நேரத்துல பேசுற மாதிரி. நடு அகச்சிவப்புல ஒவ்வொரு மூலக்கூறும் அதோட சொந்தக் குரல்ல தனியா கேக்கும், 1650 அலை எண் (ஒரு சென்டிமீட்டர்ல எத்தனை ஒளி அலை அடங்கும்ங்கற கணக்கு) பக்கம் புரதம், 2900 பக்கம் மெழுகுன்னு விரல் வச்சுக் காட்டலாம். பதிலுக்கு அந்த ஒளி ஆழமா போகாது, மேல் ஓட்டோட நின்னுடும், கொசுவும் நல்லா காஞ்சிருக்கணும், ஈரம் இருந்தா தண்ணியோட அடையாளம் மத்த எல்லாத்தையும் அமுக்கிடும். என்னைக் கேட்டா வயசு பாக்க நடு அகச்சிவப்பு தான் கை குடுக்கும், மாற்றம் அதிகம் நடக்குறதே அந்த மேல் ஓட்டுல தானே.

லேப்ல படிப்படியா என்ன தான் பண்றாங்க?

ராத்திரி வீட்டுக்குள்ள பொறி வச்சோ, காலையில சுவர்ல உக்காந்திருக்கிறதை உறிஞ்சு குழாய்ல உறிஞ்சோ கொசு பிடிக்கிறாங்க. குளோரோஃபார்ம் ஆவியில கொன்னு, சிலிகா ஜெல் போட்ட குப்பியில, அதான் புது செருப்புப் பெட்டியில ஒரு சின்ன பொட்டலம் இருக்குமே அந்த சரக்கு, அதுல வச்சு ரெண்டு மூணு நாள் காய வைக்கிறாங்க. வயித்தை வெட்டிட்டு தலையும் மார்பும் மட்டும் எடுக்குறாங்க, ஏன்னா வயித்துல ரத்தமோ முட்டையோ இருந்தா அந்த சிக்னல் குழப்பிடும். கருவி நடுவுல ஒரு சின்ன வைரக் கல் இருக்கும், அது மேல கொசுவை வச்சு மேல இருந்து ஒரு முனையால அழுத்தி, ஒளியைக் கீழ இருந்து வைரம் வழியா விடுறாங்க. ஒரு நிமிஷத்துக்குள்ள 4000ல இருந்து 400 அலை எண் வரைக்கும் கோடு வந்திடும். அடுத்த கொசு. கல்லை மட்டும் ஒவ்வொரு தடவையும் சுத்தமா துடைக்கணும், முந்தின கொசுவோட துகள் ஒட்டியிருந்தா கெட்டுச்சு.

காஞ்ச கொசுங்கறதால குப்பியில போட்டு பஸ்ல கூட அனுப்பலாம், அன்னைக்கே அறுக்கணும்னு அவசரம் இல்ல. கிராமத்துல வேலை பாக்குறவங்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதின்னு அங்க ஒரு நாள் நின்னு பாத்தா தான் தெரியும்.

கோட்டைப் பாத்து வயசை யார் சொல்றது?

கம்ப்யூட்டர். வயசு தெரிஞ்ச ஆயிரக்கணக்கான கொசுவோட கோட்டைக் குடுத்து இது 3 நாள், இது 9 நாள், இது 15 நாள்னு சொல்லிக் குடுக்குறாங்க, அது எந்த மேடு எந்தப் பள்ளம் வயசோட சேர்ந்து மாறுதுன்னு தானா கத்துக்குது, மெஷின் லேர்னிங்னு சொல்றது இதைத் தான், இப்படிக் கத்துக்கிட்ட கணக்கைத் தான் மாடல்னு சொல்றாங்க. அப்புறம் வயசு தெரியாத கொசுவோட கோட்டைக் குடுத்தா ஒரு பதில் சொல்லும். கண்ணால பாத்து சொல்லவே முடியாது, நானும் சில வரைபடங்களை மணிக்கணக்கா உத்துப் பாத்திருக்கேன், எனக்கு எல்லாம் ஒண்ணாவே தான் தெரிஞ்சுது.

வயசு தெரிஞ்ச கொசு எங்க கிடைக்கும்? கொசு பிறப்புச் சான்றிதழோட வராதே?

இங்க தான் இந்தத் துறையே ரொம்ப நாள் மாட்டிக்கிட்டு நின்னுச்சு. லேப்ல வளர்த்த கொசுவுக்கு வயசு தெரியும், எந்தக் காலையில கூட்டுப்புழுவுல இருந்து வெளிய வந்துச்சுன்னு நோட்டுல இருக்கும். ஆனா அது நாலு சுவருக்குள்ள, ஒரே சூட்டுல, வேளாவேளைக்கு சர்க்கரைத் தண்ணி குடிச்சு வளர்ந்த கொசு. ஊர்க் கொசு சேத்துக் குட்டையில பட்டினி கிடந்து, வெயில்லயும் குளிர்லயும் அல்லாடி வந்தது. லேப் கொசுவை வச்சுப் பழகுன மாடலை ஊர்க் கொசு மேல போட்டா சொதப்புது, ஒரு நாட்டு லேப்ல பழகுனதை இன்னொரு நாட்டு லேப் கொசு மேல போட்டாலே சொதப்புது. அண்மை அகச்சிவப்பு முறையை ஆரம்பத்துல ஆஹா ஓஹோன்னு வரவேற்றவங்க அப்புறம் தயங்குனதுக்கு காரணமும் இது தான்.

அதுக்கு அவங்க செஞ்ச வேலை எனக்கு ரொம்பப் பிடிச்சது. இஃபகாராவுல வலை போட்ட பெரிய பெரிய கூடாரங்கள் இருக்கு, உள்ள செடி, மண், குடிசைன்னு கிராமம் மாதிரியே, வெளி வெயிலும் வெளி காத்தும் அப்படியே உள்ள வரும். ஊர்ல இருந்து கூட்டுப்புழுவை எடுத்துட்டு வந்து அதை மாதிரி இடத்துல வெளிய வர விட்டாங்க, அப்போ பொறந்த நாள் தெரியும், உடம்பு ஊர்க் கொசுவோட உடம்பாவும் இருக்கும். ஊர்க் கொசுவைப் பிடிச்சு முட்டை போட வச்சு அதோட பிள்ளைங்களையும் வளர்த்தாங்க. இப்படி தான்சானியா, புர்கினா ஃபாஸோ ரெண்டு இடத்துலயும் சேர்த்து 40,000க்கு மேல கொசுவை ஸ்கேன் பண்ணாங்க. டோரீன் சிரியாவும் கூட்டாளிங்களும் 2022ல இதை வெளியிட்டாங்க. பெரிய டேட்டாவுல ஒரு தடவை நல்லாப் பழக்கிட்டு, புது ஊருக்குப் போகும்போது அந்த ஊர்க் கொசு கொஞ்சமே கொஞ்சம் குடுத்து மாடலைத் திருத்திக்கிற வழி அது. சமையல் நல்லாத் தெரிஞ்ச ஒருத்தர் புது ஊருக்குப் போனா மொதல்ல இருந்து கத்துக்க வேண்டியது இல்ல, அந்த ஊர் உப்பும் காரமும் மட்டும் பிடிபட்டா போதும்ல, அது மாதிரி.

எவ்வளவு துல்லியம்? என் வீட்டுக் கொசுவுக்கு 11 நாள்னு சொல்லுமா?

அப்படி நாள் கணக்கா சொல்லாது. அந்த 2022 வேலையில 1ல இருந்து 4 நாள், 5ல இருந்து 10 நாள், 11ல இருந்து 17 நாள்னு மூணு கூட்டமா தான் பிரிச்சாங்க, மலேரியாவைப் பொறுத்தவரை நமக்கு வேண்டியதும் அந்த மூணாவது கூட்டம் தான். ஒரு தனிக் கொசுவுக்கு தப்பாவும் சொல்லும். ஆனா ஒரு ஊர்ல பிடிச்ச நூத்துக்கணக்கான கொசுவுல கிழடு எத்தனை பங்குன்னு கேட்டா பதில் நல்லா வரும், ஏன்னா மாடல் எந்தப் பக்கம் எவ்வளவு தப்பு பண்ணுதுன்னு முன்னாடியே தெரியும், அதைக் கழிச்சுக் கணக்கு போட்டுக்கலாம். வலை மாதிரி ஒரு நடவடிக்கையால கிழட்டுக் கொசு குறைஞ்சா அந்த மாற்றத்தைப் பிடிக்க முடியுதான்னும் கம்ப்யூட்டர்ல உருவகப்படுத்திப் பாத்தாங்க, பிடிக்க முடிஞ்சுது.

வயசு தவிர வேற எதுவும் தெரியுமா?

தெரியும், இது கிட்டத்தட்ட இலவச இணைப்பு மாதிரி. காம்பியே, அரேபியன்சிஸ், கொலுசின்னு மலேரியா பரப்புற அனோபிலிஸ் கொசுவுல மூணு இனம் இருக்கு, கண்ணால பாத்தா பிரிக்கவே முடியாது, மரபணு சோதனை தான் பண்ணணும். ஒண்ணு வீட்டுக்குள்ள ஆளைத் தேடி வரும், இன்னொண்ணு வெளியில மாட்டையும் கடிக்கும், அதனால எது எதுன்னு தெரியிறது முக்கியம். அதே ஸ்கேன்ல இனமும் தெரிஞ்சிடுது. இஃபகாராவோட இம்மானுவேல் முவாங்காவும் கூட்டாளிங்களும் 2019ல கொசு வயித்துல இருக்குறது மனுஷ ரத்தமா, மாடா, ஆடா, கோழியான்னு லேப் கொசுவுல 98 சதவீதம் வரைக்கும் சரியா சொல்ல வச்சாங்க. வடிதாள்ல காஞ்ச மனுஷ ரத்தத் துளியில மலேரியா கிருமி இருக்கான்னும் அதே ஒளியில பாத்திருக்காங்க.

டெங்கு கொசுவுக்கும் ஆகுமா?

அடிப்படை ஒண்ணு தான், டெங்கு வைரஸுக்கும் ஏடிஸ் கொசுவுக்குள்ள சில நாள் தேவை. பிரேசில்ல 2018ல ஏடிஸ் கொசுவுல ஜிகா வைரஸ் இருக்கான்னே அண்மை அகச்சிவப்புல பாத்திருக்காங்க. ஆனா ஏடிஸுக்கு தனியா பழக்கணும், அனோபிலிஸ் மாடலை அப்படியே தூக்கிப் போட முடியாது.

செலவு?

கருவி விலை கம்மி இல்ல, ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் தானா வாங்குற விஷயமே இல்ல. ஆனா வாங்குனதுக்கு அப்புறம் ஒரு கொசுவுக்கு ஆகுற செலவு கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்ல, சிலிகா ஜெல்லும் கரண்ட்டும் தான். மரபணு சோதனையில ஒவ்வொரு கொசுவுக்கும் ரசாயனம் வாங்கிக்கிட்டே இருக்கணும், அதுவும் வெளிநாட்டுல இருந்து வந்து சேர மாசக்கணக்கு ஆகும். ஒரு நாட்டுக்கு ரெண்டு மூணு இடத்துல கருவி வச்சு, கிராமங்கள்ல இருந்து காஞ்ச கொசுவை அனுப்ப வச்சா பெரிய நாட்டையே சமாளிக்கலாம்னு எனக்குத் தோணுது.

நம்ம ஊர்ல இதைப் பயன்படுத்தலாமா?

எனக்கு ஒன்பது வயசுல வட சென்னையில ரெண்டு தடவை மலேரியா வந்துச்சு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் நடுக்கிக்கிட்டு வரும், எங்க பாட்டி அதை முறைக் காய்ச்சல்னு சொல்லுவாங்க. குளோரோகுயின் கசப்பும், அதுக்கப்புறம் 14 நாள் பிரைமாகுயின் மாத்திரையும் இன்னும் நாக்குல இருக்கு. எங்க தெருவுல எல்லா வீட்டு மொட்டை மாடியிலயும் மூடாத தண்ணித் தொட்டி, பின்னாடி கிணறு. அனோபிலிஸ் ஸ்டீபன்சிங்கற கொசு வளர்றது அந்த மாதிரி சுத்தமான தண்ணியில தான்.

அந்த ஸ்டீபன்சி தான் இப்போ ஆப்பிரிக்காவுக்கும் போயிடுச்சு, 2012ல ஜிபூட்டி, 2016ல எத்தியோப்பியா. இலங்கை 2016ல மலேரியா இல்லாத நாடுன்னு சான்றிதழ் வாங்கின கொஞ்ச நாள்லயே மன்னார்லயும் அது தென்பட்டுச்சு. இதுவரை ஆப்பிரிக்காவோட கிராமத்துக் கொசுவுக்குன்னு பழக்குன மாடலை எடுத்து ஸ்டீபன்சி மேல போட்டா தப்பா தான் வரும், இனமும் வேற, வளர்ற தண்ணியும் வேற. நம்ம தொட்டியில இருந்தும் கிணத்துல இருந்தும் கூட்டுப்புழு எடுத்து, நம்ம வெயில்ல வளர்த்து, தனியா பழக்கணும். நம்ம ஊர்ல மலேரியா நல்லாக் குறைஞ்சிருக்குற இந்த நேரத்துலயே அதைச் செஞ்சு வச்சுக்கணும்னு எனக்கு ஆசை, திரும்பி ஏறுச்சுன்னா அப்போ கொசு வளர்த்துப் பழக்க நேரம் இருக்காது.

இன்னும் தீராத சிக்கல் என்ன?

மருந்துக்குப் பழகுன கொசு சிலதுக்கு ஓடே தடிச்சுப் போகுது, மருந்து உள்ள போகாம இருக்க. நாம வயசைப் பாக்குறதும் அதே ஓட்டுல தான். தடிச்ச ஓட்டை வயசான ஓடுன்னு மாடல் நினைச்சுக்காம இருக்கணும்னா அந்த மாதிரி கொசுவையும் நிறைய பழக்கத்துல சேர்க்கணும். ஒவ்வொரு லேப் கருவிக்கும் கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசம் இருக்கு, அன்னைக்கு அறையில இருக்குற ஈரப்பதம் கூட கோட்டுல தெரியும். 17 நாள் தாண்டுன கொசு கிடைக்குறதே அபூர்வம், கூண்டுலயே அது வரைக்கும் நிறைய செத்துப் போகும், ஆனா நமக்கு ரொம்பத் தெரிய வேண்டியது அதுங்களைப் பத்தி தான்.

மொபைல் கேமராவுல பாக்க முடியுமா?

முடியாது. அது பிடிக்கிற ஒளியே வேற.

இதுல வேலை பாக்கணும்னா என்ன படிக்கணும்?

விலங்கியலோ உயிரியலோ படிச்சிட்டு பூச்சியியல் பக்கம் வரலாம். புதுச்சேரியில இருக்குற வெக்டர் கன்ட்ரோல் ரிசர்ச் சென்டர், நோய் பரப்புற பூச்சிங்களை ஆராயுற இடம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) நடத்துறது, அங்க பொது சுகாதாரப் பூச்சியியல்லயே எம்எஸ்சி இருக்கு. கம்ப்யூட்டர் பக்கம் இருந்து வர்றவங்களுக்கும் நிறைய இடம் இருக்கு, கொசுவை வளர்க்கத் தெரிஞ்சவங்களும் கோட்டைப் படிக்கத் தெரிஞ்சவங்களும் ஒரே அறையில உக்காந்தப்போ தான் அந்த 40,000 கொசு வேலை நடந்துச்சு. கொசு வளர்க்க மட்டும் கண்டிப்பா கத்துக்கோங்க, விடியக்காலையில எழுந்து கூட்டுப்புழு எண்ணி, எது எப்போ வெளிய வந்துச்சுன்னு ஒழுங்கா எழுதி வைக்கிற ஆள் இல்லாம எந்த மாடலுக்கும் வயசு தெரியாது.